அவள் படங்களுக்குச் சட்டம் அடித்தவன்

பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய அப்பா என்னிடம், "பொண்ணு நல்லா படம் போடும்" என்று சொன்னார். அவர் பட்டு நெய்கிறவர். ஆரணியில் பிறந்து வளர்ந்த எனக்குப் படம் என்றால் காலண்டரில் வரும் லட்சுமி, புடவை பார்டரில் ஓடும் மயில், அன்னம், அவ்வளவுதான். அவள் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து பெண்கள் பள்ளி ஒன்றில் டிராயிங் டீச்சராக இருந்தாள். நான் களம்பூரில் ஓர் அரிசி ஆலையில் மெக்கானிக். காபி டம்ளரை நீட்டியபோது அவள் நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். என் நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது என்று பிறகு பலமுறை அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. சீர்ப் பாத்திரங்கள் எல்லாம் வந்து சேர்ந்த மறுநாள், அவளுடைய அப்பா சைக்கிள் கேரியரில் ஒரு தடித்த சுருளைக் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார். பாய் என்று நினைத்து நான்தான் கயிற்றை அவிழ்த்தேன். உள்ளே ஏழெட்டுத் துணிகள். முதல் துணியை விரித்தேன். செம்மண் நிறத்தில் ஒரு பெரிய திட்டு, அதன் மேல் வெள்ளையா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒன்று, ஓர் ஓரத்தில் கறுப்பாக இழுத்துவிட்ட கோடு. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் துணி.

"இது இன்னா படம்?" என்று கேட்டேன்.

"படம்தாங்க."

"அதான், இன்னாத்தோட படம்?"

"இன்னாத்தோடதும் இல்லிங்க. இதுவே இதுதான்."

சொல்லிவிட்டு அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிப்பேனோ என்று பயந்ததாகப் பல வருடம் கழித்துச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புரியவும் இல்லை. துணியைப் பழையபடி சுருட்டி, ஈரம் படாத இடமாகப் பார்த்து பீரோவுக்கு மேல் வைத்தேன்.

என் அம்மாவுக்குத்தான் கவலை. மருமகளுக்கு நிஜமாகவே படம் போடத் தெரியுமா, இல்லை தெரியாததைத்தான் இப்படி மறைக்கிறாளா என்று அவளுக்கு ஒரு சந்தேகம். ஒரு வெள்ளிக்கிழமை, முருகன் படம் ஒன்று போட்டுத் தரச் சொல்லிக் கேட்டாள். என் மனைவி அரை நாளில் போட்டுக் கொடுத்தாள். வேலும் மயிலும் கழுத்து மணியும் அத்தனை திருத்தம். அம்மா அதைக் கண்ணாடி போட்டுப் பூஜை அலமாரியில் வைத்தாள். அதோடு கவலை தீர்ந்தது. பிறகு யாராவது உறவினர் வந்து கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த அவள் படத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தால் அம்மாவே முந்திக்கொள்வாள். "அவளுக்கு எல்லாம் வரும். அவளா இஷ்டப்பட்டு இப்படிப் போடுறா" என்பாள்.

நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விசைத்தறிக் கொட்டகை. பின்னறையைத்தான் அவள் வேலை செய்ய எடுத்துக்கொண்டாள். தறி ஓட ஆரம்பித்தால் அந்த அறையின் தரையில் மெல்லிய அதிர்வு இருக்கும். கிண்ணத்தில் ஊற்றி வைத்த டர்பன்டைன் வட்டவட்டமாக அலையும். எனக்கு அது பேஜாராக இருந்தது. அவளுக்கு அது காதிலேயே விழாது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, பள்ளிக்குக் கிளம்பும் எட்டு மணி வரை அங்கேதான் இருப்பாள். மழையென்றாலும் விருந்தாளி வந்தாலும் அதே நேரம்தான். காய்ச்சலில் ஒருமுறை படுத்திருந்தபோது மட்டும் ஒரு வாரம் விட்டுப்போனது. அந்த வாரம் முழுக்க ஓயாமல் யாரையாவது கடிந்துகொண்டே இருந்தாள்.

முதல் சில மாதங்களில் எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் அவள் கையில் பிரஷ் இருப்பது பத்து நிமிஷமோ இருபது நிமிஷமோதான். மீதி நேரமெல்லாம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கேட்டேவிட்டேன். "பாத்துகினு இருக்கறதும் வேலைதாங்க" என்றாள். அன்று ஆலையில் நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரில் ஏதோ சத்தம் வந்தது. அதைப் பிரிப்பதற்கு முன்னால் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேஸ்திரி வந்து, ஏன் சும்மா நிற்கிறாய் என்று கேட்டார். அப்போதுதான் அவள் சொன்னது எனக்கு உறைத்தது.

அவள் படங்களுக்குள் நான் நுழைந்தது மரத்தின் வழியாகத்தான். துணியை இழுத்துக் கட்டும் சட்டங்களை அவள் கடைத்தெருவில் ஒரு தச்சரிடம் செய்து வாங்கிக்கொண்டிருந்தாள். மழைக்காலம் வந்தால் அவை முறுக்கிக்கொள்ளும். ஒரு மூலை எழும்பி நிற்கும் படத்தைச் சுவரில் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. சந்தவாசலில் இடித்த ஒரு பழைய வீட்டின் தேக்கு ஜன்னல் கட்டைகளைக் கொண்டுவந்து அறுத்து, மூலைக்கு மூலை ஆப்பு வைத்து ஒரு சட்டம் செய்தேன். துணி தளர்ந்தால் ஆப்பைத் தட்டினால் போதும், மறுபடி விறைத்துக்கொள்ளும். அவள் அதைச் சுண்டிப் பார்த்தாள். பறை மாதிரி ஒலித்தது. அன்றிலிருந்து தச்சர் கணக்கில் இல்லை. காடாத் துணிக்குப் பூசும் வச்சிரப் பசை காய்ச்சுவதும் என் தலையில் விழுந்தது. அந்த நாற்றத்துக்கு அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லையில் கல்லடுப்பு மூட்டி நான் காய்ச்சிக் கிண்டிக்கொண்டிருப்பேன்.

கல்யாணமாகி ஐந்தாறு வருடம் கழித்து, சென்னையில் ஒரு சின்னக் கூடத்தில் ஒரு வாரம் படம் வைக்க அவளுக்கு இடம் கிடைத்தது. அவளோடு கல்லூரியில் படித்த தோழி ஏற்பாடு செய்து கொடுத்தது. மொத்தம் பதினோரு படங்கள். பஸ்ஸில் ஏற்ற முடியாது. எங்கள் ஆலையிலிருந்து அரிசி ஏற்றிப் போகும் லாரியின் டிரைவரிடம் கேட்டேன். அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். படங்களைப் பழைய போர்வைகளில் சுற்றி, மூட்டைகளுக்கு மேல் நிறுத்தி, தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். அவள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால் படங்களோடு உட்கார்ந்தேன். காஞ்சிபுரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயின் ஒரு மூலை காற்றில் பிய்ந்துகொண்டு பறக்க, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே சென்னை போய்ச் சேர்ந்தேன். இறங்கும்போது நான் தொப்பலாக நனைந்திருந்தேன். படங்கள் நனையவில்லை. போர்வையை விலக்கி ஒரு படத்தைப் பார்த்த டிரைவர் என்னைத் தனியாக அழைத்து, "இன்னா சார், இன்னும் முடிக்கவே இல்ல போல. அதுக்குள்ள ஜல்தியா தூக்கிகினு வந்துட்டீங்களே" என்று அக்கறையாகக் கேட்டார்.

கூடத்து ஆட்கள் மாலையில் படங்களை மாட்டினார்கள். மறுநாள் காலை திறப்பு. நான் காய்ந்த சட்டை போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏழாவது படத்தின் முன் நின்றதும் எனக்கு என்னவோ போல் இருந்தது. மஞ்சளும் பழுப்புமான படம் அது. வீட்டில் மூன்று மாதம் என் கண்ணெதிரே இருந்தது. அதன் கனமெல்லாம் கீழே உட்கார்ந்திருக்கும். மேலே போகப்போக லேசாகி, ஓரிடத்தில் மூச்சு விட்ட மாதிரி இருக்கும். இங்கே அது தலையில் மூட்டையைச் சுமந்துகொண்டு நிற்பதுபோல நின்றது. அவளிடம் போய் மெதுவாகச் சொன்னேன், "அந்த மஞ்சப் படம் தலகீழா மாட்டியிருக்கு."

அவள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து பதற்றத்தில் அவளே கவனிக்கவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க? சட்டத்துல அடையாளம் போட்டிருந்தீங்களா?"

"சட்டத்தப் பாக்கல. படத்தத்தான் பார்த்தேன். கனம் மேல ஏறிப் போச்சு."

அவள் கூடத்து ஆளைக் கூப்பிட்டுப் படத்தைத் திருப்பி மாட்டச் சொன்னாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியிடத்தில் கையைப் பிடிக்கிற பழக்கம் எங்கள் இருவருக்குமே இல்லை. "அப்ப உங்களுக்குத் தெரியுது" என்றாள். எனக்கும் அந்த நிமிஷம்தான் தெரிந்தது. ஐந்தாறு வருடமாகப் புரியவில்லை புரியவில்லை என்று சொல்லிக்கொண்டே நான் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

அந்த ஒரு வாரத்தில் அதிகம் பேர் வரவில்லை. மழைக்கு ஒதுங்கியவர்களும் உண்டு. ஒரு பெரியவர் என்னை ஓவியன் என்று நினைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். வரைந்தது என் மனைவி, நான் சட்டம் அடித்தவன் என்று சொன்னேன். ஆறாம் நாள், வேலூரிலிருந்து வேறு வேலையாகச் சென்னைக்கு வந்திருந்த ஒரு டாக்டர் உள்ளே வந்தார். காகிதத்தில் போட்ட ஒரு படத்தின் முன்னால் நின்றார். போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி நின்றார். அதை வாங்கிக்கொண்டார். விற்ற முதல் படம் அதுதான். விலை சொல்லத் தெரியாமல் அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். கடைசியில் தோழிதான் சொன்னாள்.

அந்தப் படத்தில் ஒரு சங்கதி இருந்தது. அதை அவள் டியூப் வர்ணத்தில் போடவில்லை. எங்கள் தெருக்கோடியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற ஒருவர் இருந்தார். அவரிடம் மீந்த சாயத்தைச் சின்னப் பாட்டில்களில் வாங்கி வந்து, நனைத்த காகிதத்தில் ஊறவிட்டுப் போட்டிருந்தாள். ஊதாவும் கத்திரிப்பூ நிறமும் ஒன்றுக்குள் ஒன்று போய்க் கலந்திருக்கும். சாயக்காரர் அப்போதே எச்சரித்திருந்தார், பட்டில் நிற்கிற சாயம் காகிதத்தில் நிற்காது, வெயிலுக்கு ஆகாது என்று. அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் மறந்துவிட்டாள்.

ஒன்றரை வருடம் கழித்து டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. படம் வெளுத்துவிட்டது, ஒருமுறை வந்து பார்க்க முடியுமா என்று எழுதியிருந்தார். கோபமான கடிதம் இல்லை. ஆனாலும் என்னால் தலைநிமிர முடியவில்லை. ஆலையில் நான் பொருத்திய பேரிங் ஒன்று நின்றுபோனால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அடுத்த ஞாயிறு இருவரும் வேலூருக்குப் பஸ் ஏறினோம். மாற்றுக்கு வேறொரு படத்தை அவள் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் அதை நோயாளிகள் காத்திருக்கும் அறையில், மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தார். ஊதா போய்விட்டிருந்தது. கத்திரிப்பூ நிறம் இருந்த இடத்தில் நனைந்த சுண்ணாம்புச் சுவர்போல ஒரு சாம்பல், அதற்குள் எங்கேயோ கொஞ்சம் சிவப்பு. அவள் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள். எப்படியும் நேரமாகும் என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் அதைச் சொல்லி, அவர் கொடுத்த காபியைக் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நோயாளிகள் இல்லை. ஒரு மணி நேரம் போயிருக்கும். அவள் எழுந்து வந்து டாக்டரிடம், தப்பு தன்னுடையதுதான் என்றாள். இதற்குப் பதிலாக இன்னொரு படம் கொண்டுவந்திருப்பதாகவும் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"ஆனா ஒண்ணு சார். நான் போட்டதவிட இதுதான் நல்லா இருக்கு. எனக்கு இது வரல. வெயிலுக்கு வந்திருக்கு."

டாக்டர் சுவரை ஒருமுறை பார்த்தார். தினமும் பார்ப்பவர் என்பதால் அது மாறியது தெரிந்ததே தவிர, மாறி என்ன ஆனது என்று தான் பார்க்கவே இல்லை என்றார். அவர் புதுப் படத்தை எடுத்துக்கொண்டார். வெளுத்ததை எங்களிடம் கொடுத்துவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அதை மடியில் வைத்து, செய்தித்தாளை ஓரத்தில் கிழித்துவிட்டு அந்தக் கொஞ்சம் சிவப்பைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மறுபடி அவள் சாயத்தைத் தொடவில்லை. ஆனால் அதற்கப்புறம் போட்ட எண்ணெய் வர்ணப் படங்களில் அந்தச் சாம்பலைப் பிடிக்க மூன்று வருடம் முயற்சி செய்தாள். கிட்டத்தட்டப் பிடித்துவிட்டாள் என்பது என் எண்ணம். இல்லை என்பது அவள் எண்ணம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவள் பெயர் மெல்ல வெளியே தெரிய ஆரம்பித்தது. சென்னையிலும் பெங்களூரிலும் பலரோடு சேர்ந்து படம் வைத்தாள். கூட்டுக் கண்காட்சியென்றால் ஆளுக்கு இரண்டு படம். அந்தச் சமயத்தில்தான் அவளுடைய வலது தோள் இறுகிப்போனது. முதலில் கரும்பலகையில் எழுதும்போது வலி என்றாள். பிறகு கையைத் தோளுக்கு மேல் தூக்கவே முடியவில்லை. தலை வார அம்மா உதவினாள். தானாக இளகும், ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகலாம், பயிற்சி செய்துகொண்டே இருக்க வேண்டும் என்றார் உள்ளூர் டாக்டர். ஐந்து மணிக்கு எழுந்து பின்னறைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து வெறும் துணியைப் பார்த்துவிட்டு எட்டு மணிக்கு வெளியே வருவாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த நாட்களில்தான். இடது கையால் போட்டுப் பார்த்தாள். அது தன் கோடு இல்லை, வேறு யாருடையதோ என்று சொல்லி அழித்துவிட்டாள்.

கை மேலே போகாவிட்டால் படம் கீழே வரட்டுமே என்று எனக்கு ஒருநாள் தோன்றியது. ஆலையில் மூட்டை இறக்க நாங்கள் பயன்படுத்தும் கப்பி மாதிரி இரண்டு சின்னக் கப்பிகளை உத்தரத்தில் பொருத்தினேன். சுவரோரம் நீளவாக்கில் பள்ளம் வெட்டிய இரண்டு மரக் காடிகள் நட்டு, சட்டம் அதற்குள் வழுக்கிப் போய்வரும்படி செய்தேன். கயிற்றின் மறுமுனையில் எதிர் எடையாக ஒரு மணல் பை. இடது கையால் கயிற்றை லேசாக இழுத்தால் போதும், படம் மேலே போகும், கீழே வரும், விட்ட இடத்தில் நிற்கும். வலது முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு பக்கவாட்டில் பிரஷை ஓட்டலாம். இரண்டு ஞாயிறு ஆனது. அதற்கடுத்த ஞாயிறு விடியற்காலை அவளை உட்காரச் சொன்னேன். அவள் கயிற்றை இழுத்துப் பார்த்தாள், விட்டுப் பார்த்தாள், மறுபடி இழுத்தாள். பிறகு என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று ஞாயிறு என்பதால் எட்டு மணிக்கும் வெளியே வரவில்லை. பதினொரு மணிக்கு வந்து, ரொம்பப் பசிக்கிறது என்றாள்.

அந்தக் கப்பியில் போட்ட படங்கள் எல்லாம் படுக்கைவாட்டில்தான் போகும். கை போகிற பக்கம் அதுதானே. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் நீளமான பட்டைகள். சிலவற்றில் ஏரித் தண்ணீர் வற்றிய கோடு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றும். அவளிடம் சொல்ல மாட்டேன். ஒரு பத்திரிகையில் அவற்றைப் பற்றி எழுதியவர், நெசவில் குறுக்கே ஓடும் ஊடு நூல் இவருடைய ரத்தத்திலிருந்து வருகிறது என்று எழுதினார். நாங்கள் இருவரும் அதைப் படித்துவிட்டு அவள் தோளைப் பார்த்துச் சிரித்தோம். அவளுடைய அப்பா மட்டும் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டார். ஒன்றரை வருடத்தில் தோள் இளகிவிட்டது. கை நன்றாக மேலே போனது. ஆனால் அவள் படுக்கைக் கோட்டை விடவில்லை. கப்பியையும் கழற்ற விடவில்லை.

அடுத்தது அவளுடைய தனிக் கண்காட்சி, சென்னையில், இந்த முறை பெரிய கூடம். அதற்காக அவள் எட்டடி அகலத்தில் ஒரு படம் போட்டாள். அளவெடுத்துச் சட்டம் அடித்தவன் நான்தான். ஆனால் வாசலை அளக்க எனக்குத் தோன்றவில்லை. படம் முடிந்து காய்ந்த பிறகு, வாசலில் திருப்ப இடமில்லாமல் அது அறையை விட்டு வெளியே வராது என்று தெரிந்தது. சட்டத்தைக் கழற்றித் துணியைச் சுருட்டலாமென்றால் வர்ணம் கனமாக ஏறியிருக்கிறது, வெடித்துவிடும் என்றாள். வீட்டுக்காரரிடம் கெஞ்சி, பின்னறை ஜன்னலைக் கம்பியோடு பெயர்த்தோம். பக்கத்துக் கொட்டகைக்காரர் தறிகளை நிறுத்திவிட்டு நான்கு ஆட்களோடு வந்து கைகொடுத்தார். சந்து வழியாகத் தெருவுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அங்கங்கே ஆட்கள் நின்று பார்த்தார்கள். சாயக்காரரும் வந்து நின்றார். படத்தைச் சுவரில் சாய்க்கச் சொல்லி, கிட்டே போய், தள்ளி வந்து பார்த்தார். கீழ்ப் பட்டையில் இருந்த ஒரு மங்கலான சிவப்பைக் காட்டி என் மனைவியிடம் கேட்டார்.

"இந்தச் செவப்பு எத்தினி முறைம்மா போட்ட?"

"பதினேழு, பதினெட்டு இருக்கும்ணே. ஒவ்வொண்ணும் காய்ஞ்ச பிறகு."

"அதான். ஒரே முக்குல இது வராது" என்று சொல்லிவிட்டு, லாரி வரும்வரை அங்கேயே நின்றார்.

கண்காட்சிக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சிட்டார்கள். ஓவியர் தன்னைப் பற்றியும் தன் படங்களைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவளுக்கு அது வரவே இல்லை. எழுதுவாள், கசக்குவாள். கடைசியில் என்னை எழுதச் சொன்னாள். நான் ஒரு வாரம் யோசித்து, ஐந்து வாக்கியம் எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது, ஆலைக் கணக்கப்பிள்ளையிடம் படித்துக் காட்டி எழுத்துப் பிழை திருத்தி வாங்கி வந்திருந்தேன். அவள் சிவப்பு மையால் நான்கை அடித்துவிட்டாள். மீதி நின்றது, 'இவர் தினமும் காலையில் வேலை செய்கிறார்' என்ற ஒன்றுதான். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மற்ற நான்கில்தான் நான் நிறைய உழைத்திருந்தேன்.

"ஏன், அதெல்லாம் நல்லா இல்லியா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குங்க. ஆனா இதுதான் நெஜம்."

அந்த ஒரு வரியை மட்டும் ஒரு முழுப் பக்கத்தின் நடுவில் போட்டு அச்சடித்தார்கள். திறப்பு விழாவுக்கு வந்த பலர் அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபக்கம் திருப்பிப் பார்த்ததை நான் தூணோரம் நின்று பார்த்தேன். அந்தப் பெரிய படத்தை பெங்களூரில் ஒரு அலுவலகத்துக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே வாசல் பெரிதாக இருக்கிறதா என்று நான் விசாரித்துக்கொண்டேன். வாரம் முடிந்து ஊருக்குத் திரும்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மறுநாள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பூஜாடி வரையும் பாடம் இருந்தது. அவள் காலை ஐந்து மணிக்கு எழுந்து பின்னறைக்குப் போனாள். நான் ஆலைக்குப் போகும் முன் எட்டிப் பார்த்தேன். காடியில் ஒரு புதுத் துணி ஏறியிருந்தது. இன்னும் எதுவும் போடவில்லை. முக்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.